'டியூப் ப்ளாக்' என்று ரிப்போர்ட் வந்தால் அதுவே முடிவா? கருக்குழாய் பரிசோதனைகள் சொல்வது என்ன?

"டியூப் ப்ளாக் இருக்கு." குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியின் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும், வீட்டின் பேச்சே மாறிவிடும். ஆபரேஷன் செய்யணுமா, நேராக ஐ.வி.எஃப் போகணுமா, பணத்துக்கு எங்கே போவது என்று கேள்விகள் வரிசை கட்டும். கூடவே, "குறை அவகிட்டதான்" என்ற பேச்சும் சொந்தக்காரர்கள் மத்தியில் கிளம்பிவிடும்.

ஆனால், அந்த ஒரு வரியை எந்த அளவுக்கு நம்பலாம்?

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பு 'நைஸ்'. குழந்தையின்மை சிகிச்சைக்கான அதன் வழிகாட்டுதல் இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. கருக்குழாய் எக்ஸ்-ரேயில் 'குழாய் திறந்திருக்கிறது' என்று வந்தால், பிறகு லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கும்போது 94 சதவீதம் பேருக்கு அது சரியாக இருக்கிறது. 'அடைப்பு' என்று வந்தவர்களில் லேப்ராஸ்கோப்பியிலும் அடைப்பு உறுதியானது 38 சதவீதம் பேருக்கு மட்டுமே.

அதாவது 'திறந்திருக்கு' என்ற ரிப்போர்ட்டைப் பெரும்பாலும் நம்பலாம். 'அடைப்பு' என்ற ரிப்போர்ட்டை ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். இது ஏன் இப்படி? பெரிய ஆபரேஷன் இல்லாமல் கருக்குழாயைப் பார்க்க என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றின் பலம், பலவீனம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

உலகில் ஆறில் ஒருவர் தன் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதைத் தொடர்ந்து 2025 நவம்பரில், குழந்தையின்மையைத் தடுப்பது, கண்டறிவது, சிகிச்சை அளிப்பது பற்றிய தனது முதல் உலகளாவிய வழிகாட்டுதலை 40 பரிந்துரைகளுடன் அந்த அமைப்பு வெளியிட்டது. சில இடங்களில் ஒரே ஒரு முறை ஐ.வி.எஃப் செய்துகொள்ள ஆகும் செலவு, ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இவ்வளவு செலவு பிடிக்கும் சிகிச்சைக்குள் போவதற்கு முன்னால் எடுக்கப்படும் முக்கியமான முடிவுகளில் ஒன்று கருக்குழாய் பரிசோதனையை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. குழாய் திறந்திருந்தால் இன்னும் சில மாதங்கள் இயற்கையாக முயலலாம், மாத்திரை தரலாம், ஐ.யு.ஐ செய்யலாம். இரண்டு குழாயும் அடைபட்டிருந்தால் இந்த வழிகள் பலன் தராது. அதனால் இங்கே தவறு நடந்தால், பணமும் காலமும் சேர்ந்தே வீணாகும்.

கருக்குழாய் என்ன வேலை செய்கிறது?

கருப்பையின் இரு பக்கமும் கைகளைப் போல நீண்டிருப்பவைதான் கருக்குழாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். 16ஆம் நூற்றாண்டில் இவற்றை விரிவாக விவரித்தவர் இத்தாலியைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் கேப்ரியேல் ஃபலோப்பியோ. 'ஃபலோப்பியன் டியூப்' என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான்.

இதை வெறும் குழாய் என்று நினைத்துவிடக் கூடாது. சினைப்பையிலிருந்து வெளியே வரும் கருமுட்டையை, குழாயின் நுனியில் இருக்கும் விரல் போன்ற பகுதி வாங்கிக்கொள்கிறது. விந்தணுவும் கருமுட்டையும் சந்திப்பது இந்தக் குழாய்க்குள்தான். உருவான கருவை, குழாயின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய ரோமங்கள் மெதுவாக நகர்த்தி, மூன்று நான்கு நாட்களில் கருப்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

குழாயின் உள்பக்கம் மிகக் குறுகலானது. கருப்பையோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இருக்காது. சாதாரண வயிற்று ஸ்கேனில் ஆரோக்கியமான கருக்குழாய் தெளிவாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு டியூப் டெஸ்ட்?" என்று பலரும் கேட்பதற்கான பதிலும் இதுவே. குழாய்க்குள் ஏதாவது ஒரு திரவத்தையோ நுரையையோ செலுத்தினால்தான் அதன் பாதை கண்ணுக்குத் தெரியும்.

அடைப்பு எதனால் வருகிறது?

முதல் காரணம் தொற்று. கிளமிடியா, கொனோரியா போன்ற பாலியல் தொற்றுகள் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமலே குழாயில் தழும்பை ஏற்படுத்திவிடலாம். பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு வரும் தொற்று, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் பரவும் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், முன்பு குழாயில் கரு தங்கியது, அடிவயிற்றில் நடந்த ஆபரேஷன் ஆகியவையும் காரணமாகலாம்.

இந்தியாவில் இன்னொரு காரணத்தை மறக்கவே கூடாது. அது காசநோய். உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் என்றால் இருமல், சளி என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அது பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளையும் தாக்கும். அப்படித் தாக்கும்போது பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது கருக்குழாய்தான். இருமலே இல்லாத, பார்க்க நன்றாகவே இருக்கும் பெண்ணுக்கும் இது இருக்கலாம். குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. காசநோய்க்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் தழும்பு ஏறி அடைபட்ட குழாயை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

யாருக்கு, எப்போது இந்தப் பரிசோதனை?

கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு முயன்றும் கர்ப்பம் தரிக்கவில்லை என்றால் பரிசோதனைகளைத் தொடங்கலாம். பெண்ணின் வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதங்களே போதும்.

இங்கே வரிசை ரொம்ப முக்கியம். கருக்குழாயைப் பார்ப்பதற்கு முன்பே ஆணின் விந்தணுப் பரிசோதனை முடிவும், பெண்ணுக்குக் கருமுட்டை சரியாக வெளிவருகிறதா என்ற விவரமும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்கிறது நைஸ் வழிகாட்டுதல். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்கு ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. அதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் ஒவ்வொரு பரிசோதனையாக அனுப்புவது மருத்துவக் கணக்கிலும் சரியல்ல, நியாயமும் அல்ல.

வாயுவில் தொடங்கிய நூறாண்டு முயற்சி

ஆபரேஷன் இல்லாமல் குழாயைச் சோதிக்கும் முயற்சி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் இசிடோர் ரூபின், கருப்பை வாய் வழியாக வாயுவைச் செலுத்திப் பார்க்கும் முறையை 1920இல் அறிமுகப்படுத்தினார். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போய்விடும், அழுத்தமானியின் முள் கீழே இறங்கும். எழுந்து உட்காரும்போது அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டையில் வலி வரும். அந்தத் தோள்வலிதான் அன்றைக்கு 'குழாய் திறந்திருக்கு' என்பதற்கான நல்ல செய்தி!

ஆனால் இரண்டு குழாய்களில் எது திறந்திருக்கிறது, அடைப்பு எந்த இடத்தில் என்பது இதில் தெரியாது. எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் முறை பரவலான பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

எச்.எஸ்.ஜி: நம்ம ஊரில் 'டியூப் டெஸ்ட்'

தமிழ்நாட்டில் 'டியூப் டெஸ்ட்' என்று சொன்னால் பெரும்பாலும் அது எச்.எஸ்.ஜி எனப்படும் ஹிஸ்டெரோசால்பிங்கோகிராம்தான். மாதவிடாய் நின்ற பிறகு, கருமுட்டை வெளிவருவதற்கு முன்பு, பொதுவாக 6 முதல் 10ஆம் நாளுக்குள் இதைச் செய்வார்கள். கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பைத் தவிர்க்கத்தான் இந்த நாள் கணக்கு.

எக்ஸ்-ரே மேசையில் படுக்கவைத்து, கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, அயோடின் கலந்த மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். மருந்து கருப்பையை நிரப்பி, குழாய்கள் வழியாக ஓடி, நுனியில் வயிற்றுக்குள் சிந்துவது திரையில் தெரியும். சிந்தினால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மயக்க மருந்து தேவையில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

இதன் பெரிய பலம், பல ஊர்களிலும் கிடைப்பதும் செலவு குறைவதும். கருப்பையின் உள்வடிவமும் படத்தில் தெரியும். பலவீனங்களும் உண்டு. கதிர்வீச்சு இருக்கிறது, அளவு குறைவுதான். அயோடின் அலர்ஜி இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பிறகு தொற்று வரலாம், ஆனால் அது குறைவு. அடிவயிற்றில் ஏற்கெனவே தொற்று இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது.

எக்ஸ்-ரே இல்லாத ஸ்கேன் முறை

அதே வேலையை எக்ஸ்-ரே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் பார்க்கலாம். இதற்கு ஹைகோசி என்று பெயர். ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் திரவத்தை, அல்லது காற்றும் உப்புநீரும் சேர்ந்த கலவையைச் செலுத்தி, அது குழாய் வழியாக ஓடுவதை நேரடியாகப் பார்ப்பார்கள்.

இதன் அடுத்த கட்டம் ஹைஃபோசி, அதாவது நுரை ஸ்கேன். நெதர்லாந்து மருத்துவர்கள் உருவாக்கிய முறை இது. ஒரு ஜெல்லையும் சுத்தமான நீரையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மாற்றி மாற்றி அழுத்தினால் வெண்மையான நுரை வரும். அந்த நுரை சில நிமிடங்கள் கலையாமல் நிற்பதால் குழாயின் பாதை ஸ்கேனில் வெள்ளைக் கோடாகத் தெரியும். 'எக்செம் ஃபோம்' என்ற பெயரில் விற்கப்படும் இந்த நுரைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2019 நவம்பரில் அனுமதி கொடுத்தது.

கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. கருப்பைச் சுவர், சினைப்பை, நார்த்திசுக்கட்டி எல்லாவற்றையும் அதே ஸ்கேனில் பார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், இது செய்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. குழாய் வளைந்து நெளிந்து கிடப்பதால், நுரை எங்கே போகிறது என்று பிடிப்பதற்குப் பழகிய கண் வேண்டும்.

இரண்டில் எது நல்லது?

இந்தக் கேள்விக்கு நெதர்லாந்தில் 26 மருத்துவமனைகள் சேர்ந்து விடை தேடின. 'ஃபோம்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. 1,026 பெண்களுக்கு நுரை ஸ்கேன், எச்.எஸ்.ஜி இரண்டுமே செய்யப்பட்டன. 73 சதவீதம் பேருக்கு இரண்டும் ஒரே பதிலைச் சொன்னது. 14 சதவீதம் பேருக்கு ஒன்று 'திறந்திருக்கு' என்றும் இன்னொன்று 'அடைப்பு' என்றும் மாறி மாறிச் சொன்னது. தெளிவான முடிவு கிடைக்காமல் போனது நுரை ஸ்கேனில் 9.5 சதவீதம், எச்.எஸ்.ஜியில் 2.9 சதவீதம்.

சரி, கடைசியில் குழந்தை பிறந்ததா? அதுதானே முக்கியம். நுரை ஸ்கேன் முடிவை வைத்துச் சிகிச்சை கொடுத்தால் 46 சதவீதம், எச்.எஸ்.ஜி முடிவை வைத்துக் கொடுத்தால் 47 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய சமம். வலி மட்டும் நுரை ஸ்கேனில் குறைவாக இருந்தது.

இரண்டு முறைகளின் கண்டறியும் திறனும் ஒப்பிடத்தக்கதே, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான 'எஷ்ரே'வின் 2023 வழிகாட்டுதலும் கூறுகிறது. 'நோயாளியும் சேர்ந்து' என்பதைக் கவனிக்க வேண்டும். எதைச் செய்யப்போகிறார்கள், ஏன் என்று கேட்பதற்குப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு.

இல்லாத அடைப்பு ஏன் இருப்பதாகத் தெரிகிறது?

இதுதான் 38 சதவீதக் கணக்கின் பின்னால் இருக்கும் விஷயம். கருக்குழாய் கருப்பையோடு சேரும் இடத்தில் தசை இருக்கிறது. மருந்தை வேகமாகச் செலுத்தினாலோ, பயத்தாலோ வலியாலோ அந்தத் தசை சுருங்கிக்கொண்டால், மருந்து உள்ளே போகாது. திரையில் பார்த்தால் அடைப்பு போலவே இருக்கும். சில சமயம் சளி போன்ற சிறு கட்டியோ காற்றுக் குமிழோ தற்காலிகமாக வழியை மறிக்கலாம். ஒரு பக்கக் குழாய் சுலபமாகத் திறந்திருந்தால் மருந்து முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவிட, மறுபக்கம் அடைபட்டதாகத் தோன்றலாம்.

கருப்பைக்கு அருகே அடைப்பு என்று ரிப்போர்ட் வந்த பெண்களுக்கு ஒரு மாதம் கழித்து மறுபடியும் எச்.எஸ்.ஜி செய்து பார்த்த ஆய்வு ஒன்றில், 60 சதவீதம் பேருக்குக் குழாய் திறந்திருந்தது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டியிருக்கிறது.

அதனால் ரிப்போர்ட்டில் 'ப்ளாக்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். கருப்பைக்கு அருகில், அதாவது குழாயின் தொடக்கத்தில் என்றால் தசைச் சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். குழாயின் நுனியில், குழாய் வீங்கி நீர் கோத்திருப்பதாக வந்தால் அது பெரும்பாலும் உண்மையான பாதிப்பு. முன்பு காசநோயோ அடிவயிற்றுத் தொற்றோ வந்தவருக்கு அடைப்பு என்று வந்தால், அதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபக்கமும் உண்டு. 'திறந்திருக்கு' என்றால் பாதை இருக்கிறது என்றுதான் பொருள். உள்ளே இருக்கும் ரோமங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, நுனி கருமுட்டையைப் பிடிக்கிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது.

அப்போ லேப்ராஸ்கோப்பி யாருக்குத் தேவை?

தொப்புள் அருகே சிறு துளையிட்டு, கேமராவை உள்ளே செலுத்தி, கருப்பை வாய் வழியாக நீல நிற மருந்தை அனுப்பி, அது குழாய் நுனியில் வழிவதைக் கண்ணால் பார்ப்பதுதான் லேப்ராஸ்கோப்பி. மற்ற எல்லாப் பரிசோதனைகளையும் இதனோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள். ஒட்டுத்தசை, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றைப் பார்த்து, முடிந்தால் அங்கேயே சரிசெய்யவும் முடியும்.

ஆனால் இதற்கு முழு மயக்க மருந்து வேண்டும். செலவு அதிகம். அரிதாக என்றாலும் குடலிலோ ரத்தக் குழாயிலோ காயம் படும் ஆபத்து உண்டு. எனவே முன்பு தொற்றோ, குழாய்க் கர்ப்பமோ, எண்டோமெட்ரியோசிஸோ இருந்ததாகத் தெரிந்தவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி, அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு முதலில் எச்.எஸ்.ஜி, பயிற்சி பெற்றவர் இருந்தால் ஹைகோசி என்று பிரித்துச் சொல்கிறது நைஸ். எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை.

வலிக்குமா?

இதை மழுப்பத் தேவையில்லை. பலருக்கு மாதவிடாய் வலி போல இருக்கும், சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும். மருந்து உள்ளே போகும் அந்தச் சில நிமிடங்கள்தான் கஷ்டம். "இதுக்கே இப்படின்னா பிரசவ வலியை எப்படித் தாங்குவ?" என்று அதட்டுவது வலியைக் குறைக்காது. பயமும் இறுக்கமும் கூடினால் தசை சுருங்கி, ரிப்போர்ட்டே தப்பாக வரவும் வாய்ப்பிருக்கிறது.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு வலி மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மருந்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லலாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். முடிந்த பிறகு லேசான வலியும் சில துளி ரத்தமும் ஓரிரு நாள் இருப்பது இயல்பு. காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அதிகரிக்கும் வயிற்றுவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனையே சிகிச்சையாகுமா?

"டியூப் டெஸ்ட் பண்ணின அடுத்த மாசமே நின்னுடுச்சு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம். அது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. 1901இல் பிரான்சின் மார்செல் கெர்பே உருவாக்கிய 'லிப்பியோடால்' என்ற மருந்து, கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்தது. எச்.எஸ்.ஜிக்கு இந்த எண்ணெய் வகையையும் பயன்படுத்தலாம், நீரில் கரையும் வகையையும் பயன்படுத்தலாம்.

இரண்டையும் ஒப்பிட்டு நெதர்லாந்தின் 27 மருத்துவமனைகளில் 1,119 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குள் கர்ப்பமானவர்கள் எண்ணெய் மருந்துப் பிரிவில் 39.7 சதவீதம், நீர் மருந்துப் பிரிவில் 29.1 சதவீதம். குழந்தை பிறந்தது முறையே 38.8, 28.1 சதவீதம் பேருக்கு. எண்ணெய் குழாயில் தேங்கிய சளியை அலசிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இதற்காக "எனக்கும் எண்ணெய் மருந்துதான் வேணும்" என்று அவசரப்படக் கூடாது. ஆய்வில் இருந்தவர்கள் 18 முதல் 39 வயதுக்குட்பட்ட, குழாய்ப் பாதிப்புக்கான அபாயம் குறைந்த பெண்கள். எண்ணெய் மருந்தின் அயோடின் உடலில் நீண்ட நாள் தங்குவதால் தைராய்டு சுரப்பு குறையும் வாய்ப்பு உண்டு. தைராய்டு பிரச்னை இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடைப்பு உறுதியானால்?

அப்போதும் வழிகள் இருக்கின்றன. கருப்பைக்கு அருகே அடைப்பு என்றால், எக்ஸ்-ரே உதவியோடு அல்லது ஹிஸ்டெரோஸ்கோப்பி வழியாக, மெல்லிய கம்பியைச் செலுத்தி வழியைத் திறக்க முயலலாம். ஒரு குழாய் மட்டும் அடைபட்டிருந்தால், மறுபக்கக் குழாய் வழியாக இயற்கையாகவே கர்ப்பம் தரிக்க முடியும்.

குழாய் வீங்கி நீர் கோத்திருந்தால் கவனம் தேவை. அந்த நீர் கருப்பைக்குள் கசிவதால் ஐ.வி.எஃப் வெற்றி வாய்ப்பு கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. எனவே முதலில் அந்தக் குழாயை அகற்றவோ கருப்பையிலிருந்து துண்டிக்கவோ பரிந்துரைப்பார்கள்.

இரண்டு குழாயும் சரிசெய்ய முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தால் ஐ.வி.எஃப் சரியான வழி. அந்தச் சிகிச்சை பிறந்ததே கருக்குழாய் அடைப்புக்காகத்தான். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தாய் லெஸ்லி பிரவுனுக்கு இரண்டு கருக்குழாய்களிலும் அடைப்பு இருந்தது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திகைத்து நிற்பதைவிட, இந்தக் கேள்விகளைக் கேட்பது நல்லது:

1. விந்தணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?

2. எனக்கு எச்.எஸ்.ஜியா, ஸ்கேன் முறையா? ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

3. அடைப்பு எந்தப் பக்கம், குழாயின் எந்தப் பகுதியில்?

4. இது தசைச் சுருக்கமாக இருக்குமா? மறுபடி ஒருமுறை பார்க்கலாமா?

5. காசநோய்க்கான பரிசோதனை எனக்குத் தேவையா?

6. லேப்ராஸ்கோப்பி செய்வதால் சிகிச்சையில் என்ன மாறும்?

7. ஐ.வி.எஃப் இப்போதே தேவையா, காத்திருக்க எனக்கு வயது இருக்கிறதா?

கடைசிக் கேள்வி சாதாரணமானது அல்ல. 28 வயதில் ஒரு மாதம் பொறுத்து மறுபரிசோதனை செய்வதால் பெரிய இழப்பு இல்லை. 39 வயதில் அதே காத்திருப்பின் கணக்கு வேறு, கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் வயது அது. ஆகவே ஒரே ரிப்போர்ட் இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமான முடிவைத் தரலாம்.

எச்.எஸ்.ஜி படங்களின் ஃபிலிமையோ சிடியையோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அவசியம். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கும்போது, ஒரு வரி ரிப்போர்ட்டைவிட அந்தப் படம்தான் அவருக்கு உதவும். மருந்து எங்கே நின்றது, எப்படி நின்றது என்பதை அவரே பார்த்துச் சொல்ல முடியும். வீணாக ஒரு பரிசோதனையை மறுபடி செய்வதும் தவிரும்.